ஐஎஸ்சிஎஸ்ஐ ஸ்டோரேஜுக்கு 2 நெட்வொர்க் போர்ட்டையும் டீமிங் செய்யலாமா?

3 இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்), ஒரு ஐஎஸ்சிஎஸ்ஐ ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் பெட்டி). ஒவ்வொரு ஹோஸ்டிலும் 10 ஜிகாபிட் போர்ட் 2 ஸ்டோரேஜுக்கென்றே இருக்கிறது. இரண்டையும் டீமிங்கில், அதாவது ஒரே போர்ட் போலச் சேர்த்து ஒரே ஐபி கொடுக்கலாமா, ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீமிங் வேண்டாம். ஒரு டிசிபி இணைப்பு ஒரு கேபிள் வழியாகத்தான் போகும். ஒரே ஐபி கொடுத்துவிட்டால் இன்னொரு கேபிள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். சுமையைப் பிரிப்பதும், ஒரு பாதை அறுந்தால் மற்றதற்கு மாறுவதும் மல்டிபாத்திங்கின் (ஒரே ஸ்டோரேஜுக்குப் பல பாதைகளை ஹோஸ்டே நிர்வகிப்பது) வேலை. அதற்கு 2 பாதையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஆகவே 2 விஎம்கெர்னல் போர்ட் (ஹோஸ்ட் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் மெய்நிகர் போர்ட்; இங்கே விஎம்கே1, விஎம்கே2) உருவாக்கித் தனித்தனி ஐபி கொடுங்கள். உங்கள் 2 நிஜ போர்ட்டும் விஎம்நிக்2, விஎம்நிக்3 என்றால், விஎம்கே1-இல் விஎம்நிக்2 மட்டும் ஆக்டிவ், விஎம்நிக்3 அன்யூஸ்டு. விஎம்கே2-இல் அப்படியே தலைகீழ். ஸ்டாண்ட்பையில் விட்டால் போர்ட் பைண்டிங் (விஎம்கெர்னல் போர்ட்டை ஐஎஸ்சிஎஸ்ஐயோடு கட்டிவைப்பது) ஏற்காது. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். ஸ்டோரேஜ் போர்ட்டுகள் 2 தனி சப்நெட்டில் இருந்தால் பைண்டிங்கே வேண்டாம், சப்நெட்டுக்கு ஒரு விஎம்கெர்னல் போதும். (ஃபைல்களாகப் பகிரும் என்எஃப்எஸ் 3 ஸ்டோரேஜ் என்றால் கதை வேறு. அதில் மல்டிபாத்திங் கிடையாது, அங்கே டீமிங்தான் வேண்டும்.)

ஜம்போ ஃப்ரேம் போடலாம், ஆனால் சோதிக்காமல் போடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க இதில் போனது. டேட்டாஸ்டோர் (விஎம்களின் ஃபைல்கள் இருக்கும் இடம்) வந்துவிட்டது, பிங் போனது, எல்லாம் பச்சை. பெரிய விஎம் ஒன்றை நகர்த்தினால் மட்டும் பாதியில் அப்படியே நின்றுவிடும். விடியற்காலையில்தான் கண்டுபிடித்தோம்: 2 ஸ்விட்சில் ஒன்று 1500-லேயே இருந்தது. ஹோஸ்டும் ஸ்டோரேஜும் 9000 என்று தங்களுக்குள் பேசி முடித்துவிடும், நடுவில் இருக்கும் ஸ்விட்சைக் கேட்பதில்லை. லாகின் பாக்கெட் சிறியது, தாண்டிவிடும். டேட்டா பாக்கெட் பெரியது, ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

சாதாரண பிங் 56 பைட்தான் அனுப்பும், அதனால் அதை நம்பாதீர்கள். விஎம்கேபிங் கட்டளையில் ஐ ஆப்ஷனால் (பெரிய எழுத்து ஐ) விஎம்கே1-ஐக் குறிப்பிட்டு, எஸ் ஆப்ஷனில் 8972 கொடுத்து, பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லும் டி ஆப்ஷனையும் சேருங்கள் (இவை இரண்டும் சின்ன எழுத்து). ஏன் 8972? 9000-த்தில் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 போக மீதி. டி இல்லாவிட்டால், விஎம்கே1-ஐயே தவறி 1500-இல் விட்டிருந்தாலும் பாக்கெட் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்து எல்லாம் சரி என்று காட்டிவிடும். ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஒவ்வொரு விஎம்கெர்னலிலிருந்தும், அது எட்டவேண்டிய ஸ்டோரேஜ் ஐபி எல்லாவற்றுக்கும் இதை ஓட்டுங்கள்.

மாற்றும்போது முதலில் ஸ்விட்ச் (அதில் 9216 வைப்பது வழக்கம்), அப்புறம் ஸ்டோரேஜ், விஸ்விட்ச் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்), கடைசியாக விஎம்கெர்னல். விஎம்களை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை விஎம்மில் பெரிய ஃபைலைக் காப்பி செய்ய விட்டு, ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். சற்றுத் தயங்கிவிட்டுக் காப்பி தொடர வேண்டும். அதைச் செருகி, பாதை திரும்பி வந்ததும் மற்றதைப் பிடுங்குங்கள்.