ரூஃப் போட்டதும் எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

கேள்வி: 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பொருள், கூலி இரண்டும் காண்ட்ராக்டர் பொறுப்பு. ரூஃப் போட்டதும் மொத்தத் தொகையில் 80 சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். ரூஃப் போட்ட வீட்டைப் பார்த்தால் முக்கால்வாசி முடிந்த மாதிரி தெரியும். செலவுக் கணக்கில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் எல்லாம் பாக்கி. மீதி 20 சதவீதத்தில் இவற்றை முடிக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார், உங்கள் வீடு பூச்சோடு நிற்கும்.

அட்வான்ஸ் 10, பேஸ்மென்ட் முடிந்ததும் 15, லிண்டலுக்கு (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) 15, ரூஃபுக்கு 15, பூச்சுக்கு 15, டைல்ஸும் கதவுகளும் முடிந்ததும் 15, பெயின்டுக்கு 10 என்று பேசுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். ஒழுகல் அப்போதுதான் தெரியும். தேதி பார்த்துப் பணம் தராதீர்கள், முடிந்த வேலையைப் பார்த்துத் தாருங்கள். கூடுதல் வேலை எதுவானாலும், தொடங்கும் முன்பே அளவும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சென்ட்ரிங் (ரூஃப் கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) வாடகை ஏறுகிறது, ரூஃப் போட்ட ஐந்தாம் நாளே பிரித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. ஹால் அகலம் 16 அடி. பிரிக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: கூடவே கூடாது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி, அகலம் 4.5 மீட்டர் வரையுள்ள ரூஃப் தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். உங்கள் 16 அடி என்பது 4.88 மீட்டர், ஆகவே 14 நாள். 10 அடி அறைகளில் 7 நாள் போதும், ஆனால் பீம் முட்டை 14 நாள்வரை தொடாதீர்கள். பீம் 6 மீட்டரைத் தாண்டினால் 21 நாள். இதெல்லாம் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட்டுக்கான கணக்கு. பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்) மெதுவாக வலுப்பெறும் என்பதால், பிரிக்கும் நாளை உங்கள் இன்ஜினீயரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே பிரித்தால் தளத்தின் நடுப்பகுதி தொய்யும், அடியில் விரிசல் விழும். பிறகு பூசி மறைக்கலாமே தவிர, தொய்வை நிமிர்த்த முடியாது.

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்: ஓ.பி.சி. என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. என்றால் குறைந்தது 10, முடிந்தால் 14. வெயில் கடுமையாக இருந்தால் ஓ.பி.சி.க்கும் 10 நாள் வேண்டும். அந்த இடைவெளியில் ஆட்களைச் சும்மா வைக்காமல் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் வேலைகளை முடித்துக்கொள்ளலாம். செங்கல், மணலை மட்டும் புதுத் தளத்தின் மேல் குவிக்க விடாதீர்கள்.