அந்தச் செருப்பு யாருடையது?

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இதை ஒரு பிரச்சினை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. யுத்தத்தையும் சுனாமியையும் பார்த்த ஊரில், 46 வயதுப் பெண் ஒருத்தி ஒரு பழைய தியேட்டரை வைத்து அண்ணனோடு கோபித்துக்கொண்டு மூன்று மாதமாகக் கதைக்காமல் இருக்கிறாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் இரவில் நித்திரை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது திருகோணமலையில் மடத்தடிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. 1985இல் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு ஆறு வயது, அண்ணாவுக்குப் பத்து. அம்மா ஏறாத படி இல்லை, கொடுக்காத மனு இல்லை. அம்மாவுக்கு இப்போது 74 வயது. இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். மரணச் சான்றிதழை எடுக்கும்படி எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்கவில்லை.

அப்பா என்றால் எனக்கு முழுசாக ஞாபகம் இருப்பது ஒரே ஓர் இரவுதான். அப்போது எனக்கு நாலு வயது இருக்கும். டவுனில் இருந்த அந்தத் தியேட்டர் (பெயர் வேண்டாம், ஊர்க்காரருக்குத் தெரியும்). செக்கன் ஷோ. கலரியில் நீள வாங்கு, அதில் மூட்டைப்பூச்சி. இடைவேளையில் அப்பா பேப்பர்ச் சுருளில் கச்சான் வாங்கித் தந்தார். திரையில் எம்.ஜி.ஆர்., ஏதோ வெளிநாட்டு நகரம், நிறம் நிறமாக வெளிச்சம். அதற்குப் பிறகு நித்திரையாகிவிட்டேன். கண் விழித்தபோது அப்பாவின் தோளில் கிடக்கிறேன். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சைக்கிளை உருட்டி வருகிறார். செயின் கவர் டக் டக் என்று அடிக்கிறது. சட்டையில் சுருட்டு மணம். என் ஒரு காலில் செருப்பு இல்லை. பாதத்தில் குளிர் காற்று படுகிறது. அவ்வளவுதான். நாற்பது வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தியேட்டர் மூடிப் பல காலம். இந்த ஜூன் மாதம் அதன் கூரையைக் கழற்றினார்கள். வேலைக்குப் போகும் வழியில் ஒரு படம் எடுத்து, இந்த நினைவையும் எழுதி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடாவில் இருக்கும் அண்ணா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் அவர் ஊருக்கு வந்தார். ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்துக் கோணேசர் கோயில் தீர்த்தத்துக்குப் போக வேண்டும் என்று நின்றார். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம் என்பதால், அம்மா சம்மதிக்கவில்லை. அது முடிந்துபோன கதை. அன்றிரவு சாப்பிடும்போதுதான் அண்ணா திடீரென்று, "நீ எழுதினது உன்னுடைய கதையில்லை. தோளில் கிடந்தது நான். செருப்பைத் தொலைத்தது நான். அதற்கு அடுத்த நாள் அடி வாங்கினதும் நான்தான். நீ அப்போது அம்மம்மாவோடு வீட்டில் கிடந்தாய். அப்பா உன்னைப் படத்துக்குக் கூட்டிப்போனதே இல்லை" என்றார். நான் சொல்வது 1973இல் வந்த உலகம் சுற்றும் வாலிபன் என்றும், 1979இல் பிறந்த நான் அதை எப்படித் தியேட்டரில் பார்த்திருக்க முடியும் என்றும் போனில் காட்டினார்.

அம்மாவைக் கேட்டோம். "யாருடைய செருப்போ, எனக்கு என்ன தெரியும்? உங்கட அப்பா எங்கே படம் பார்த்தவர்? விளம்பரம் முடிய முதலே குறட்டை" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

நான் சாப்பாட்டில் கை கழுவினேன். அன்றிலிருந்து அவரோடு கதைப்பதில்லை. என் நினைவு பொய்யா அக்கா? பொய் என்றால் எனக்கு அப்பாவே இல்லையே.

ப.,
உப்புவெளி


அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் வழக்கைப் பார்ப்போம். நீங்கள் இரண்டு பேரும் என்னை நீதவான் ஆக்கிவிட்டீர்கள், பரவாயில்லை.

அண்ணாவின் சாட்சியம் அவர் நினைக்கிற அளவுக்குப் பலமானது அல்ல. 1973இல் வந்த படம் என்பதால் அதை 1983இல் பார்த்திருக்க முடியாது என்று சொல்பவர், எங்கள் ஊர்த் தியேட்டர்களை மறந்துவிட்டார். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் பழைய கொப்பியாக, மழை பெய்வது போலக் கோடு விழுந்தபடி, திரும்பத் திரும்ப வந்து ஓடிய காலம் அது. நாலு வயது நினைவு என்பதும் அப்படி நடக்காத காரியம் இல்லை. பெரும்பாலான மனிதர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில் இருந்து வருகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. எண்பதுகளில் தெருவுக்கு ஒரு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, விடிய விடியப் படம் பார்த்தோம். அந்த வெளிநாட்டு நகரமும் நிற வெளிச்சமும் (ஜப்பானில் 1970இல் நடந்த எக்ஸ்போ கண்காட்சியில் எடுத்த காட்சிகள் அந்தப் படத்தில் உண்டு) அப்படி ஒரு முற்றத்தில் உங்கள் கண்ணில் பட்டு, பிறகு அப்பாவின் தோளோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நினைவு என்ன நடந்தது என்பதை நன்றாக வைத்திருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அடிக்கடி தொலைத்துவிடும். அதனால் தோளும் சுருட்டு மணமும் பொய்யாகிவிடாது. பின்னணிச் சீலை மட்டும் மாறியிருக்கும்.

இன்னொன்று. அண்ணாவுக்கு உங்களைவிட நாலு வயது கூட. நீங்கள் சொல்லும் இரவில் அவருக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பையனைத் தோளில் போட்டு, சைக்கிளையும் உருட்டி வருவது லேசான காரியமா? அவர் சொல்வது அவருடைய நாலு வயது இரவாக இருக்கலாம். அது 1979. நீங்கள் அம்மம்மாவோடு வீட்டில் கிடந்தீர்கள் என்பது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. படத்துக்குப் போனால் நித்திரையான பிள்ளையைத் தூக்கி வருவது எந்த அப்பாவுக்கும் ஒரு நாள் வேலை இல்லை. இரண்டு இரவுகள், இரண்டு பிள்ளைகள். செருப்பு மட்டும்தான் ஒன்று. அது யாருடையது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உடன்பிறந்தவர்கள் ஒரே நினைவுக்கு உரிமை கேட்பது அபூர்வமும் இல்லை, பைத்தியமும் இல்லை. இரட்டையர்களை வைத்து 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சின்ன வயதில் நடந்த சில சம்பவங்களை இரண்டு பேருமே "அது எனக்குத்தான் நடந்தது" என்று உறுதியாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நானே கிணற்று வாளியில் காலை விட்டு மாட்டிக்கொண்ட கதையைப் பல வருஷம் என் கதையாகச் சொல்லித் திரிந்தவள். ஒரு கலியாண வீட்டில் என் அக்கா தன் காலில் இருந்த தழும்பைக் காட்டும்வரை!

சரி, வழக்கு போதும். உங்கள் கடிதத்தில் நீங்கள் "முடிந்துபோன கதை" என்று ஒரே வரியில் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு எழுபதுகளில் வேலை செய்தவர். இறந்தார் என்றும் சொல்ல முடியாமல், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் நிற்கும் இழப்புக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். அதில் அழுது முடிக்க ஒரு நாள் கிடையாது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மாதிரி அந்த இழப்பைச் சுமப்பார்கள், அதனாலேயே முட்டிக்கொள்வார்கள். எங்கள் மாவட்டத்தில் இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையிருக்கவில்லை.

அம்மா பொட்டு வைத்து அப்பாவை வைத்திருக்கிறார். நீங்கள் ஒரு தோளையும் ஒரு வெறுங்காலையும் வைத்திருக்கிறீர்கள். அண்ணாவிடம் என்ன இருக்கிறது? பத்து வயதில் வீட்டுக்கு ஆம்பிளையாக்கப்பட்ட பையன், ஐம்பது வயதில் விமானமேறி வந்து, அப்பாவுக்காக ஒரு நாள் பட்டினி கிடந்து கடலில் முழுக வேண்டும் என்று கேட்டான். அது கிடைக்கவில்லை. அன்றிரவுதான் அவன் அந்தச் செருப்பைக் கேட்டான். (உங்கள் அண்ணாவை அவன், இவன் என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள். என் கண்ணுக்கு அந்தப் பத்து வயதுப் பையன்தான் தெரிகிறான்.)

அவர் சொன்ன விதம் சரி என்று நான் சொல்லவில்லை. "உன்னைக் கூட்டிப்போனதே இல்லை" என்பது கொடுமையான வார்த்தை. அது உங்களுக்குக் குத்தியது நியாயம். அம்மா விரதத்தை மறுத்ததும் பிழை இல்லை. விரதம் பிடித்தால் அவருடைய நெற்றிப் பொட்டுக்கு என்ன அர்த்தம்? அதில் அம்மாவை யாரும் வற்புறுத்தாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அண்ணாவுக்கு நீங்களே போன் எடுங்கள். யார் தோளில் கிடந்தது என்ற பேச்சு வேண்டாம். அடுத்த நாள் அடி வாங்கியதாகச் சொன்னாரே, அதைக் கேளுங்கள். அடித்தது யார், அப்பாவா அம்மாவா? புதுச் செருப்பு எப்போது வாங்கினார்கள்? அப்பா கோபித்தால் எப்படி இருப்பார்? பத்து வருஷம் அப்பாவோடு இருந்தவர் அவர். உங்களிடம் இல்லாத அப்பா அவரிடம் நிறைய இருக்கிறார். அந்த இரவை ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டுக் கதைத்தால் இன்னும் நல்லது. முதலிலேயே கதைக்கத் தொடங்கினால் ஒருவர் சொல்வது மற்றவரின் நினைவுக்குள் புகுந்துவிடும்.

நித்திரை இன்மை இன்னும் சில வாரம் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையில் உளநல வைத்தியரைப் பாருங்கள். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக, அம்மா சொன்னதை நீங்கள் இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விளம்பரம் முடிய முதலே அப்பா குறட்டை விடுவார் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உங்கள் நினைவிலும் அண்ணாவின் நினைவிலும் அம்மா அந்தத் தியேட்டரில் இல்லை. ஆனால் அவர் பக்கத்து வாங்கில் இருந்திருக்கிறார், ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும்போது, செருப்பை விட்டுவிட்டு அவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: படம் முடிந்ததும் அப்பாவை யார் எழுப்பினது?

அன்புடன்,
அக்கா