பேய் வரைகிற பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

பிளஸ் டூ படிக்கும் மகள் நோட்டு நிறைய வாதை, நீலி என்கிற பேய்த்தெய்வங்களும் செத்த மீனுமாக வரைகிறாள், நுண்கலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் பிள்ளைக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்ற பயத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம் நெல்லைச் சீமையில் மக்கள் பயந்து கும்பிடும் தெய்வங்களில் எத்தனையோ பேர் அநியாயமாகச் செத்தவர்கள். நியாயம் கிடைக்காத உயிர் திரும்பி வந்து கணக்குக் கேட்கும். ஊர் பீடம் போட்டு, கொடை என்கிற கோயில் விழா எடுத்து, வில்லுப்பாட்டில் அந்தக் கதையை விடிய விடியப் பாட வைக்கும். சாக்கடை கலக்கும் தாமிரபரணியையும் அமலைச்செடி மூடிய குளத்தையும் உங்கள் மகள் அந்த வரிசையில் சேர்க்கிறாள். ஜப்பானிலும் இது நடந்திருக்கிறது. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில், குண்டுச் சோதனையால் எழுந்து வரும் ராட்சத மிருகத்தின் கதையான காட்ஜில்லா திரைக்கு வந்தது.

இனி படிப்பு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உண்டு. நான்கு வருஷ இளங்கலைப் படிப்பு. மார்க் மட்டும் போதாது, வரைந்து காட்ட வேண்டும். டிசைன் பக்கம் போக நினைத்தால் ஐஐடிகளுக்கு யூசீட் (UCEED), தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) டாட் (DAT) என்று தனித்தனித் தேர்வு. யூசீட் ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். அரசுக் கல்லூரிக் கட்டணமும் இவற்றின் கட்டணமும் மலையும் மடுவும் போல. விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக் கடனையும் உதவித்தொகையையும் விசாரித்துவிடுங்கள்.

பேய் வரைவதற்கென்று தனியாக ஒரு வேலை கிடையாது, இதை மகளிடமும் சொல்லுங்கள். கை பழகினால் அனிமேஷன், வீடியோ கேம், சினிமாவில் கலை இயக்குநரிடம் உதவியாளர், சிறுவர் புத்தக ஓவியம், அருங்காட்சியகக் காட்சி அமைப்பு, ஓவிய ஆசிரியர் என்று வழிகள் இருக்கின்றன. ஆரம்ப வருஷங்களில் வருமானம் ஏறி இறங்கும். அதனால் முப்பரிமாண உருவமும் அனிமேஷனும் செய்யும் பிளெண்டர் மென்பொருளை இப்போதே பழகட்டும். அது இலவசம்.

பிள்ளைகள் சறுக்கும் இடம், தேர்வின்போது காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோதான். பதினைந்து தாளிலும் மண்டையோடும் புகைக்கூண்டும் இருந்தால், பார்ப்பவர் மூன்றாவது தாளிலேயே மூடிவிடுவார். பாதித் தாளாவது நேரில் பார்த்து வரைந்ததாக இருக்கட்டும்: கை, கால், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர், ஆடு, பனை. மீதியில் ஐந்தாறு தாள், ஒரே இடத்தையும் அங்கே நடக்கும் ஒரே கெடுதலையும் பற்றி.

உதாரணத்துக்குப் பாபநாசம். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. துணி போவதில்லை. பாலியஸ்டர் சேலை பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு மக்காமல் கிடக்கும். முந்தானையில் பாசி, மடிப்புக்குள் மணல், ஜரிகை மட்டும் இன்னும் மினுங்கும். தொலைத்துவிட்டோம் என்று நினைத்தது திரும்பி வந்து நிற்பதுதானே பேய்க்கதை. மூன்று காலை அங்கே படித்துறையில் உட்கார்ந்து அந்தச் சேலையை மட்டும் வரையட்டும். தனியாக அனுப்பாதீர்கள், மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும்.

பிறகு அவளே ஒரு வாதையை உருவாக்கட்டும். அது எங்கே குடியிருக்கிறது, யார் செய்த அநியாயத்தால் வந்தது, என்ன கேட்கிறது, எதைக் கொடுத்தால் அடங்கும்? இந்த நாலுக்கும் ஒரு பக்கத்தில் பதில் எழுதாமல் பென்சிலைத் தொட வேண்டாம். கோயிலில் இருக்கும் இசக்கியை அப்படியே எடுத்துக் கையில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுப்பது பெரிய தப்பு. கும்பிடுகிறவர்கள் மனசு புண்படும், படமும் விழிப்புணர்வு போஸ்டராகச் சுருங்கிவிடும். கொடைக்குப் போய் வரைவதென்றால் நிர்வாகியிடம் முன்கூட்டியே கேளுங்கள். சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும்போதும், நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையின்போதும் கேமரா பைக்குள் இருக்கட்டும்.

கெடுதலின் காரணத்தையும் சரிபார்க்க வேண்டும். ஆலைக் கழிவு என்று வரைந்த இடத்தில் ஓடுவது ஊர்ச் சாக்கடையாக இருந்தால் நேர்காணலில் மாட்டிக்கொள்வாள். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். கதைகளுக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். இரண்டும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பாக்கியம்.

மண்ணில் செய்ய ஆசைப்பட்டால் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் காருகுறிச்சிக்குக் கூட்டிப்போங்கள். உருவத்தைக் கட்டியாகப் பிடித்தால் சூளையில் வெடிக்கும். உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். உள்ளே கூடாக, சுவர் ஒரு சென்டிமீட்டர் கனத்தில், அடியில் ஒரு துளை விட்டுச் செய்ய வேண்டும். களிமண் ஐந்து பங்குக்குச் சலித்த மணல் ஒரு பங்கு கலந்து பார்க்கலாம். குறைந்தது ஒரு வாரம் நிழலில் காயட்டும்; வெயிலில் வைத்தால் மெல்லிய விரல்களும் காதும் முதலில் காய்ந்து கீறிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காய்வதே பெரும்பாடு. புரட்டாசிக்குள் சுட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், 2பி, 4பி, 6பி பென்சில், கரிக்கோல், கெட்டி அட்டை போட்ட ஒரு ஸ்கெட்ச் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் இடமும் எழுதட்டும், பிடிக்காத பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். அவள் எப்படி யோசித்தாள் என்று கேட்டால் எடுத்துக் காட்ட அந்த நோட்டுதான் இருக்கும்.