பதில்: பத்மினி பற்றிப் பள்ளியில் பேச, எங்கே தொடங்குவது?

பழைய திரைப்பட நடிகை, நடனக் கலைஞர் பத்மினி பற்றி உங்கள் மகள் பள்ளியில் பேச வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் கதாநாயகி என்று மகள் சொல்கிறாள், பாட்டி "அவர் நடுவுல வந்து ஆடிட்டுப் போவார்" என்கிறார். இரண்டும் சரிதான். 1940களின் கடைசியில் அக்கா லலிதாவும் பத்மினியும் சேர்ந்து ஆடும் நடனம் என்றால் கதைக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் படத்தில் சேர்ப்பார்கள். பாட்டி பார்த்தது அந்தப் பத்மினியை. 1951இல் என்.எஸ்.கிருஷ்ணனின் 'மணமகள்' படம் வந்தபின்தான் நாயகி.

பிறந்த ஊர் திருவனந்தபுரம், 1932 என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் போட்டி நடனம் ஒன்றே போதும். வைஜெயந்திமாலாவும் இவரும் மாறி மாறி ஆட, வில்லன் நடிகர் பி.எஸ்.வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்பாரே, அதுதான். சிங்கப்பூரில், எங்கள் அங் மோ கியோ வீட்டில் அது டிவியில் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

1961இல் திருமணம். ஆனாலும் நடிப்பை விடவில்லை, அவர் நாயகியாக நடித்த 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது 1968இல். வகுப்பில் இதைச் சொல்லச் சொல்லுங்கள், கேட்பார்கள். பிறகு அமெரிக்காவில் நடனப் பள்ளி நடத்தினார். 2006இல் சென்னையில் மறைந்தார்.

படத்துக்கு, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ்களைத் தேடிப் பாருங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.