பார்சல் டப்பாவில் பசை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: சன்போர்டில் ஒரு டவுன் பஸ் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். பாடி முடிந்துவிட்டது. சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி, பம்பருக்கும் மட்கார்டுக்கும் ஹோட்டல் பார்சல் டப்பாவை வெட்டி எடுத்த துண்டுகள். ஃபெவிக்விக் போட்டேன், அரால்டைட் போட்டேன், உப்புத்தாளில் தேய்த்துவிட்டும் போட்டேன். காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினால் பசை அப்படியே தகடாக உரிந்து வருகிறது. எந்தப் பசை வாங்கினால் நிற்கும்?

பதில்: உரிந்து வந்த அந்தப் பசைத் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். டப்பாவில் நீங்கள் போட்ட உப்புத்தாள் கீறல்கள் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். பசை ஒழுங்காக இறுகியிருக்கிறது, பள்ளத்துக்குள் இறங்கியும் இருக்கிறது. ஆனால் அது பற்றிக்கொள்ள டப்பாவின் மேல் ஒன்றும் இல்லை. எனவே வழக்கமான பசைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பலனில்லை. ஒன்று, டப்பாவின் மேற்பரப்பை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவையே மாற்ற வேண்டும்.

பார்சல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அநேகமாக 5, அதாவது பாலிப்ரொப்பிலீன். பாட்டில் மூடி இதே பாலிப்ரொப்பிலீனாகவோ, 2 என்று குறிக்கப்படும் கெட்டிப் பாலிஎத்திலீனாகவோ இருக்கும். இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலிகள். பசையை ஈர்க்கும் ஆக்ஸிஜன், குளோரின் போன்ற அணுக்கள் இவற்றில் கிடையாது. ஒரு திரவம் பரவ வேண்டுமானால் அதன் பரப்பு இழுவிசையைவிட அடியில் உள்ள பொருளின் பரப்பு ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீனுக்கு இந்த ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்தான். பரப்பு இழுவிசையோ, எபாக்ஸிக்கு (அரால்டைட் இந்த வகைப் பசைதான்) 40-ஐ ஒட்டி வரும், தண்ணீருக்கு 72. அதனால்தான் தாமரை இலைத் தண்ணீராகப் பசை ஒதுங்கிவிடுகிறது. சூப்பர் க்ளூ பெரும்பாலும் பாலிஎத்திலீன் குப்பியில் அடைத்து விற்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

எண் இல்லாத துண்டு என்றால் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், பிவிசி ஆகிய பிளாஸ்டிக்குகள் மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றலாம், ஒரு சொட்டு சோப்பு விட்டால் சரியாகிவிடும். நுரை அட்டைக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. கொளுத்தி மோந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. அது வேண்டாம், பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு.

இனி உங்கள் பஸ்ஸுக்கு வருவோம். மட்கார்டுக்குப் பார்சல் டப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. பாட்டில் மூடி சுமார் 30 மி.மீ. விட்டம். 40 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு வளையம் அறுத்து அதைப் பாதியாக வெட்டினால் வளைவோடு ரெடிமேட் மட்கார்டு. சன்போர்டும் பெரும்பாலும் பிவிசி நுரைதான். இரண்டையும் ஃபெவிக்விக் நன்றாகப் பிடிக்கும். பைப் ஒட்டும் சால்வென்ட் சிமெண்டை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், நுரையைக் கரைத்துக் குழி பறித்துவிடும்.

பம்பருக்கு டப்பாதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. சுலபமானது ப்ரைமர், அதாவது பசைக்கு முன் பூசும் திரவம். எல்லா பிளாஸ்டிக்கையும் ஒட்டும் என்று போட்டு, ஒரு பேனாவும் ஒரு சூப்பர் க்ளூவும் சேர்ந்த செட் விற்கிறார்கள். லாக்டைட்டில் இருக்கிறது, ஆன்லைனில் கிடைக்கும். பேனாவால் டப்பாப் பக்கம் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நிமிடம் காயவிடுங்கள், அப்புறம் க்ளூ வைத்து அழுத்துங்கள். பூச்சு கெட்டியானால் பிடிப்பு குறையும். சன்போர்டு பக்கத்துக்கு ப்ரைமர் தேவையில்லை.

இன்னொன்று தீ வழி. தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் அச்சடிப்பதற்கு முன் செய்வதும் இதுதான். சூடான நீலச் சுவாலை பட்டதும் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் ஏறிவிடும், பசைக்குப் பிடி கிடைக்கும். சிகரெட் லைட்டரின் மஞ்சள் தீ கரியைத்தான் படியவைக்கும். சமையல்கடையில் கிடைக்கும் சின்ன கேஸ் டார்ச் வேண்டும். முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, குப்பியை மூடித் தள்ளி வைத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். (சானிடைசரால் துடைக்காதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும்.) உள்ளே தெரியும் அடர்நீலக் கூம்பின் நுனியைத் தாண்டிய பகுதி, துண்டின்மேல் நிற்காமல் ஒரு வீச்சில் கடந்து போக வேண்டும். ஓரம் சுருண்டாலோ மேல் பளபளத்தாலோ சூடு அதிகம். பார்சல் டப்பா மெலிசு, கண்ணிமைப்பதற்குள் வளைந்துவிடும். கழித்த துண்டுகளில் கை பழகிய பின் பம்பருக்குப் போங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, கூடவே தீ காட்டிய ஒரு கழிவுத் துண்டில் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னொரு வீச்சு. படலமாகப் பரவினால் தயார். விரல் படாமல் உடனே ஒட்டுங்கள், நாள்பட நாள்பட இந்த விளைவு மங்கிவிடும். இதற்கு ஐந்து நிமிட எபாக்ஸியைவிட மெதுவாக இறுகும் அரால்டைட்தான் என் தேர்வு.

இந்த இரண்டும் தவிர, பாலிப்ரொப்பிலீனை நேரடியாகவே பிடிக்கும் இரட்டைக்குழாய் அக்ரிலிக் பசைகளும் உண்டு, 3எம் நிறுவனத்தின் டிபி8005 போல. பசை பிரமாதம்தான். ஆனால் தனித் துப்பாக்கி வேண்டும், கலந்த சில நிமிடங்களில் வேலையை முடிக்க வேண்டும், விலையும் கடிக்கும். ஒரு பம்பருக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

சக்கரத்தில் எந்தப் பசையையும் நம்பாதீர்கள். உருளும் இடத்தில் இணைப்பைத் திருகும் விசையும் உரிக்கும் விசையும் மாறி மாறி வரும். சூப்பர் க்ளூ இறுகினால் கண்ணாடி மாதிரி, உரிக்கும் விசையைத் தாங்காது. மூடிக்குள் இருக்கும் மரையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எம்-சீலைப் பிசைந்து, மூடிக்குள் மரைப் பள்ளங்களில் இறங்கும்படி விரலால் அழுத்தி நிரப்புங்கள். அது பிளாஸ்டிக்கில் ஒட்டாது, ஆனால் மரையில் பூட்டிக்கொள்ளும். மரை என்பதால் பிறகு திருகிக் கழன்று வரலாம். அதற்குத்தான், இறுகிய பின் பக்கச் சுவர் வழியாக உள்ளே வரை மெல்லிய துளை போட்டு ஒரு குண்டூசித் துண்டைச் செருகிவிட வேண்டும். அச்சுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் போதும். மூடியின் நடுவில் 1.8 மி.மீ. துளையிட்டு ஸ்போக்கைத் தட்டி இறக்கினால் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் பஸ் நொண்டும், அதனால் மூடியின் மேல் மையத்தைக் குறித்துவிட்டுத் துளையிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து ஜன்னலுக்கு வருவீர்கள். ஜன்னல் கண்ணாடியாக வைக்கும் ஓஎச்பி ஷீட்டுக்கு (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஃபெவிக்விக் வேண்டாம். ஒட்டும், ஆனால் அதன் ஆவி படிந்து கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். மெல்லிய இரட்டைப்பக்க டேப்பைச் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி ஒட்டினால் சுத்தமாக இருக்கும்.

பெயிண்டும் டப்பாப் பம்பரில் பசையைப் போலவே உரியும். நிஜக் கார் பம்பர்களும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலவைதான். அவற்றுக்கு முதலில் அடிக்கும் பிளாஸ்டிக் ப்ரைமர் ஸ்ப்ரே கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும். மெலிதாக ஒரு கோட் போதும். ஒட்டும் பக்கத்தில் அது படாமல் மாஸ்கிங் டேப் போட்டு மறைத்துவிடுங்கள்.