கீஃப்ரேம் வைக்காம லூப் எழுதுற பையன்

அம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பெரியப்பா, மாமா எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, பையன் என்னடான்னா நாள் பூரா ப்ளெண்டர்ங்கிற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்ல கலர் கலரா உருண்டைய ஆட விட்டுட்டு இருக்கான்னு எழுதியிருந்தீங்க. பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசில்ல. அவன் என்ன செய்யுறான்னு வீட்ல ஒருத்தர் கூட உக்காந்து பாக்கலயே, அதுதான் கஷ்டமா இருக்கு.

நீங்க அனுப்பின ஃபைல திறந்தேன். 400 உருண்டை, ஒவ்வொண்ணும் வேற கலர், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா 3 ஃப்ரேம் (வீடியோல வர்ற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) தள்ளி எழும்புது. கையால கீஃப்ரேம், அதாவது எந்த ஃப்ரேம்ல உருண்டை எங்க இருக்கணும்னு குறிக்கிற புள்ளி, வெச்சா நாள் கணக்குல ஆகும், அப்புறம் டைமிங் கொஞ்சம் மாத்தணும்னாலும் மொத்தமும் மறுபடி. இவன் ஒரே ஒரு உருண்டைய செஞ்சுட்டு பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழில லூப் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்கிற கட்டளை) போட்டு காப்பி எடுத்து, ஒவ்வொரு காப்பியோட நம்பரையும் 3 ஆல பெருக்கி அந்த ஃப்ரேம்ல அசைவு ஆரம்பிக்கிற மாதிரி எழுதியிருக்கான், இப்போ ஒரு எண்ண மாத்தினா 400ம் மாறும். கலர்ல இன்னும் நல்லா யோசிச்சிருக்கான். ஆப்ஜெக்ட மட்டும் காப்பி எடுத்தா எல்லாம் ஒரே மெட்டீரியலத்தான் (கலர், பளபளப்பு முடிவு பண்ற அமைப்பு) பங்கு போட்டுக்கும், ஒண்ணுல கலர் மாத்தினா அத்தனையும் மாறிடும். அதுக்காக 400 மெட்டீரியல் செய்யாம, மெட்டீரியலுக்குள்ள சேக்குற ஆப்ஜெக்ட் இன்ஃபோங்கிற நோடுல ஒவ்வொரு உருண்டைக்கும் 0ல இருந்து 1 வரைக்கும் தனித்தனியா வர்ற ரேண்டம் மதிப்ப, எண்ண கலரா மாத்துற கலர் ரேம்ப்ல குடுத்து ஒரே மெட்டீரியல்ல முடிச்சுட்டான்.

இதுக்கு வேலை இருக்கு. அனிமேஷன், கேம், விஎஃப்எக்ஸ் (சினிமா விஷுவல் எஃபெக்ட்ஸ்) ஸ்டூடியோல டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட், டெக்னிக்கல் டைரக்டர்னு சொல்லுவாங்க, ஆர்ட்டிஸ்டுங்க திரும்பத் திரும்ப செய்யுற வேலைய ஸ்கிரிப்டா (சின்ன புரோகிராமா), டூலா மாத்திக் குடுக்குறவங்க. எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கிற மோஷன் கிராஃபிக்ஸ்லயும் இதே யோசனைதான், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல எக்ஸ்பிரஷன்னு சொல்ற குட்டி புரோகிராம ஜாவாஸ்கிரிப்ட் மொழில எழுதுவாங்க, லேயரோட நம்பர வெச்சே டிலே போடலாம். இன்ஜினியரிங் பத்தி சொல்ல உங்க சொந்தக்காரங்களே போதும், அத விடுறேன்.

ஆனா ஒண்ணு, கடன் வாங்கி அனிமேஷன் டிப்ளமோ சேக்காதீங்க. ப்ளெண்டரும் பைத்தானும் ரெண்டுமே இலவசம். சிலபஸ்ல ஸ்கிரிப்டிங் இல்லாம சாஃப்ட்வேர் பட்டன் மட்டும் சொல்லித் தர்ற இடத்துக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, விளம்பரம் எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி.

அவனுக்கு ஆறு மாசம் டைம் குடுங்க. இந்த ஸ்கிரிப்ட மத்தவங்களும் யூஸ் பண்ற ஆட்-ஆனா (ப்ளெண்டர்ல கூடுதலா சேத்துக்குற டூல்) மாத்தட்டும். அதுல மூழ்கிட்டான்னா இந்த ரூட்தான், இல்ல கோடிங் அலுத்துப்போய் அசைவு அழகா வரணும்னே மெனக்கெட்டான்னா அவன் அனிமேட்டர், அப்போ வேற பேசுவோம். எது ஆனாலும் முடிவு அவனோடது, மாமாவோடது இல்ல. கணக்க மட்டும் விட வேண்டாம், ட்ரிக்னாமெட்ரியும் வெக்டரும் தினமும் தேவைப்படும். போர்ட்ஃபோலியோல வீடியோவோட ஸ்கிரிப்டையும் சேத்து வைக்கச் சொல்லுங்க, இந்த வேலைக்கு ஆள் எடுக்குறவங்க அத படிச்சுப் பாப்பாங்க.