புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் மரபணுவை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள், அதை மருந்தாக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் மரபணுக்கள் வேறு (பி53, ஆர்பி போன்றவை). உருவான கட்டி நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவாமல் தடுப்பவை வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவது வகை. அதில் முதலில் சிக்கியது என்எம்23. 1988இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பட்ரீசியா ஸ்டீக் குழுவினர் அதிகம் பரவும் எலி மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) செல்களையும் அவ்வளவாகப் பரவாதவற்றையும் ஒப்பிட்டு, எந்த ஆர்என்ஏ (மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல்) பரவாதவற்றில் மட்டும் நிறைய இருக்கிறது என்று தேடிப் பிடித்தார்கள்.

எனக்குப் பிடித்தது என்னவோ கிஸ்1 என்ற இன்னொரு மரபணுவின் கதைதான். முற்றிய மெலனோமாவில் 6ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி அடிக்கடி காணாமல் போயிருக்கும். சரி, அதைத் திருப்பிக் கொடுத்தால்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஹெர்ஷி ஊரில் டேனி வெல்ச் குழுவினர், வேகமாகப் பரவும் மனித மெலனோமா செல்லுக்குள் நல்ல 6ஆம் குரோமோசோம் ஒன்றை முழுசாகவே நுழைத்து, எலிக்குச் செலுத்தினார்கள். கட்டி வளர்ந்தது, ஆனால் வேறெங்கும் பரவவில்லை. அப்புறம் குரோமோசோம் நுழைத்த செல், நுழைக்காத செல் இரண்டின் ஆர்என்ஏவையும் ஒப்பிட்டு, 1996இல் கிஸ்1ஐ அடையாளம் கண்டார்கள். அதை மட்டும் தனியாகச் செலுத்தியபோதும் பரவல் குறைந்தது. (பெயர், அந்த ஊர் சாக்லேட்டான ஹெர்ஷி கிஸ்ஸஸை நினைத்து வைத்தது.)

வேடிக்கை என்னவென்றால், கிஸ்1 இருப்பது 6இல் இல்லை, 1ஆம் குரோமோசோமில். பல்பு ஒரு அறையில், சுவிட்ச் வேறு அறையில் என்ற கதைதான்: 6இல் இருக்கும் ஏதோ ஒன்று அதை இயக்குகிறது. 2003இல் இன்னொரு திருப்பம். இதே மரபணு தரும் கிஸ்பெப்டின் என்ற சமிக்ஞைப் பொருளை உணரும் ஏற்பி (செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பழுதானால் பருவமடைவதே நடக்காமல் போகிறது என்று தெரிந்தது. புற்றுநோயில் தேடியது இனப்பெருக்க ஹார்மோன் ஆராய்ச்சியைப் புரட்டிப் போட்டது.

சரி, இதை மருந்தாக்க முடியாதா? நம்பிக்கை தரும் விஷயம், இவ்வகை மரபணுக்கள் பெரும்பாலும் சிதைவதில்லை, அடங்கித்தான் போகின்றன; எனவே எழுப்பிவிட வழி இருக்கலாம். அதோடு, 2007இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், கிஸ்1 உள்ள செல்கள் நுரையீரலைச் சென்றடைந்தும் அங்கே பெருகாமல் உறங்கிக் கிடந்தன. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே செல்கள் சிதறிவிட்டிருக்கும் என்பதால் இது முக்கியம். ஆனால் சில மார்பகப் புற்றுநோய்களில் இதே கிஸ்பெப்டின் சமிக்ஞை பரவலைத் தூண்டுவதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. அதனால் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே ஊசி என்று இதை யாரும் போட்டுவிட முடியாது.